முதல் எழுத்து: வீடும் பாலர் பள்ளியும்

(நமது சங்கத்தின் புணே கிளைக் குடும்ப தினக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் போனில் கூப்பிட்டு, "சார், உங்களுக்கு இஷ்டமான விஷயம் பற்றி 20 நிமிஷம் பேச வேண்டும்" என்றார். 75 வயதுக்காரனிடம் விஷயத்தை அவன் இஷ்டத்துக்கு விட்டால் பென்ஷனையும் முழங்கால் வலியையும் பற்றித்தான் பேசுவான். அவை இரண்டும் உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். ஆகவே எங்கள் வீட்டில் நடந்த, நான் தவறு செய்த, ஒரு விஷயத்தைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். சின்னக் குழந்தைக்கு எழுத்தும் படிப்பும் வருவதில் வீட்டுக்கு என்ன பங்கு, பாலர் பள்ளிக்கு என்ன பங்கு, இருவரும் எப்படிச் சேர்ந்து நடப்பது என்பதே அது.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் திருச்சியில் பௌதிகம் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரி. 1972-ல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்து, நாக்பூர், போபால், டில்லி என்று சுற்றி, 2010-ல் ஓய்வு பெற்றேன். நான் ஆசிரியனும் இல்லை, மனோதத்துவ நிபுணனும் இல்லை. 38 வருஷம் ஃபைல் பார்த்ததில் ஒரே ஒரு நல்ல பழக்கம் வந்தது. எந்த ஃபைலிலும் சம்பந்தப்பட்ட ஆசாமி என்ன சொல்கிறார் என்பதை முதலில் படிப்பேன். என் பேரன் விஷயத்தில் மட்டும் அதைச் செய்யத் தவறிவிட்டேன்.

அரிசி டின்னில் பென்சில்

2022 ஜூன் மாதம் பேரனை வீட்டுக்கு அருகே ஒரு பாலர் பள்ளியில் சேர்த்தோம். அவனுக்கு அப்போது மூன்றேகால் வயது. என் பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் வேலைக்குப் போகிறவர்கள். கொண்டு விடுவதும் அழைத்து வருவதும் என் டியூட்டி.

அந்த வருஷம் அக்டோபர் 5-ந் தேதி விஜயதசமி. வாத்தியார் வந்தார். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, குழந்தையை என் மடியில் உட்கார வைத்து, அவன் விரலைப் பிடித்து எழுத வைத்தோம். குழந்தைக்குக் குறுகுறுவென்று இருந்திருக்க வேண்டும். கெக்கலி போட்டுச் சிரித்தான். மிச்ச அரிசியை வாரித் தலையில் போட்டுக்கொண்டான். அக்ஷராப்யாசம் நல்லபடியாக நடந்தது என்று எல்லோருக்கும் திருப்தி.

சில நாட்களில் பள்ளியிலிருந்து ஓர் அச்சடித்த சுற்றறிக்கை வந்தது. வீட்டில் பெற்றோர் குழந்தைகளிடம் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும், தினமும் ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. சுற்றறிக்கை என்றால் எனக்கு வேதவாக்கு. அன்று மாலையே அமலுக்குக் கொண்டு வந்தேன். வீட்டில் தமிழ் கூடாது. ஒரு பழைய டயரியில் கட்டம் போட்டு, தேதி, எழுத்து, பக்கம், கையொப்பம் என்று பதிவேடு ஒன்றும் திறந்தேன். மாலை 6 மணிக்கு ஏ, பி, ஸி. குழந்தை என் முகத்தைப் பார்த்து, "தாத்தா, பென்சில் தூங்கறது" என்பான். நான் "நோ டமில்" என்பேன்.

என் மனைவிக்கு ஆங்கிலம் பேசத் தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் கொஞ்சத் தெரியாது. அவள் மெள்ள மெள்ளக் குழந்தையிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். குழந்தையும் குறைத்துக்கொண்டான். முன்பெல்லாம் பள்ளியிலிருந்து வரும் வழியில் நாய், ஆட்டோ, மாடு என்று ஓயாமல் பேசி வருபவன், இப்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு வாய் பேசாமல் நடந்து வந்தான். "எஸ்", "நோ" என்ற இரண்டு வார்த்தைதான் மிச்சம். நானோ, பையனுக்கு டிஸிப்ளின் வந்துவிட்டது என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

இதற்கிடையே வீட்டில் பென்சில்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் காலை சமையலறையிலிருந்து என் மனைவி கூப்பிட்டாள்: "ஏன்னா, இங்க வந்து பாருங்கோ. உங்க பேரன் பென்சில் சாகுபடி பண்ணியிருக்கான்!"

போய்ப் பார்த்தேன். அரிசி டின்னின் அடியில், முழங்கை ஆழத்தில், ஏழு பென்சில்கள் புதைந்திருந்தன. விஜயதசமியன்று வாரித் தலையில் போட்டுக்கொண்ட அதே அரிசி. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது, சம்பந்தப்பட்ட ஆசாமி தன் ஆட்சேபணையை எழுத்து மூலமாகவே தாக்கல் செய்திருக்கிறார் என்று.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

அன்று முதல் பழைய பி.எஸ்ஸி. புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. தேடித் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதில் மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, கை. நம் மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. எல்லாம் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டுத் தெரிய ஆரம்பித்து, கடைசி எலும்பு தெரியவே 8 வயதுக்கு மேல் ஆகும். எழுதுவதற்கு எலும்பு மட்டும் போதாது, தசையும் நரம்பும் பழக வேண்டும். மூன்று வயதுக் கை இன்னும் கட்டி முடியாத வீடு. அதில் குடியேறச் சொல்லி நான் நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். அரிசியில் விரலால் எழுத வைத்த நம் பெரியவர்கள் எக்ஸ்ரே பார்த்தவர்கள் இல்லை. ஆனாலும் அந்த வயதுக் கைக்கு எது முடியுமோ அதைத்தான் வைத்தார்கள். களிமண், கோலமாவு, மணி கோப்பது, பட்டாணி உரிப்பது எல்லாமே எழுத்துக்கு முன்பயிற்சிதான்.

இரண்டாவது, பேச்சு. படிப்பது என்பது, காதுக்குத் தெரிந்த வார்த்தையைக் கண்ணால் அடையாளம் கண்டுகொள்வது. காதில் விழாத வார்த்தையை எழுத்துக் கூட்டிப் படித்தால் சப்தம் வரும், அர்த்தம் வராது. ஆகவே எழுத்துக்கு மூலதனம் பேச்சு. வீட்டு பாஷையில் நிறையப் பேசும் குழந்தை இன்னொரு பாஷைக்கு வெறுங்கையோடு போவதில்லை. இரண்டு பாஷை கேட்டால் குழந்தை குழம்பிப் போகும் என்பது பழைய பயம். ஆராய்ச்சிகள் அதை ஏற்கவில்லை. குழந்தை வயதுக்கேற்றபடி பேசவில்லை என்றால் முதலில் காதுப் பரிசோதனை செய்ய வேண்டுமே தவிர, தாய்மொழியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது.

மூன்றாவது, கதை. 1988-ல் அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்பவரும் அவர் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சின்னக் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் படித்துக் காட்டும் பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தார்கள். புத்தகத்தை நீங்களே படித்துக்கொண்டு போகாதீர்கள், "இது என்ன செய்கிறது? அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள், குழந்தை சொன்னதை இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள் என்பதே பயிற்சி. ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகள் பேச்சுத் திறமையில் மற்றவர்களைவிடத் தெளிவாக முந்திவிட்டார்கள். புத்தகம் ஒன்றுதான், செலவும் ஒன்றுதான். குழந்தையைப் பேச விட்டதுதான் வித்தியாசம்.

நம் பாஷைகளுக்கு இன்னொன்றும் உண்டு. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. தமிழுக்கு 247. ஹிந்தி, மராத்தி, கன்னடம் எல்லாவற்றிலும் உயிர்மெய்யும் கூட்டெழுத்தும் ஏராளம். கன்னடக் குழந்தைகளிடம் ஆய்வு செய்த சோனாலி நாக், இந்த எழுத்துக்கள் முழுவதும் வசப்பட ஆரம்பப் பள்ளியில் பல வருஷங்கள் பிடிக்கின்றன என்று 2007-ல் எழுதினார். ஆகவே அவசரப்படுவதில் லாபமில்லை.

டீச்சரும் நாங்களும்

நானும் மாட்டுப்பெண்ணும் பள்ளிக்குப் போனோம். சண்டை போடுவதற்கென்றே நான் நாலு பாயிண்ட் எழுதிக்கொண்டு போனேன். மாட்டுப்பெண், "அப்பா, முதல்ல அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்போம்" என்றாள். நல்ல வேளை, கேட்டோம்.

வகுப்பு டீச்சர் ஒரு மராத்திப் பெண், 25 வயதிருக்கும். சுற்றறிக்கை எழுதியவர் அவர் இல்லை. அவர் ஹிந்தியில் சொன்னார்: "உங்கள் குழந்தை என்னிடம் பேசமாட்டான். ஆனால் மூலையில் இருக்கும் பொம்மைக்கு உட்கார்ந்து கதை சொல்வான். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. அதில் 'காக்கா' அடிக்கடி வருகிறது. காக்கா என்றால் என்ன? சித்தப்பாவா?" மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. பாவம், வீட்டில் சித்தப்பாவோடு ஏதோ தகராறு என்று அவர் கவலைப்பட்டிருக்கிறார்!

காக்காய் வடையைத் தூக்கிக்கொண்டு போன கதை என்று சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "எனக்கு ஒரு பத்து வார்த்தை எழுதிக் கொடுங்கள்" என்றார். அன்றிரவு நான் தேவநாகரி எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். தண்ணி, பசிக்கறது, வலிக்கறது, மூச்சா, பாட்டி, காக்கா, வடை, பழம், போதும், வா. பழத்துக்கு மட்டும் வழக்கமான தேவநாகரியில் வழியில்லை. மராத்தி 'ள' போட்டு "பளம்" என்று எழுதினேன். நம்மில் பலரும் அப்படித்தானே சொல்கிறோம், குற்றமில்லை!

மறுநாள் டீச்சர் அவனிடம் "தண்ணி வேணுமா?" என்று கேட்டாராம். குழந்தை பொம்மையைக் கீழே போட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தானாம். அவன் வாய் திறந்தது அந்த வாரத்தில்தான்.

அதன் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் பைக்குள் போய் வர ஆரம்பித்தது. இடது பக்கம் டீச்சர் இரண்டு வரி: இன்று யானைப் பாட்டு, மழை பற்றிப் பேசினோம். வலது பக்கம் நாங்கள் இரண்டு வரி: யானை ஏன் செருப்புப் போடுவதில்லை என்று கேட்டான். டீச்சர் ஹிந்தியில், மாட்டுப்பெண் ஆங்கிலத்தில். மதிப்பெண் கிடையாது, கையொப்பமும் கிடையாது. டீச்சர் அந்த நோட்டை நிர்வாகியிடம் காட்டி, எங்கள் குழந்தைக்குத் தினசரி ஒரு பக்கம் எழுதுவதிலிருந்து விலக்கு வாங்கினார். எல்லாக் குழந்தைகளுக்கும் வாங்க முடியவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டில் தமிழ் திரும்பி வந்தது. என் மனைவி சமையலறை டப்பாக்களில் தமிழில் பெயர் எழுதி ஒட்டினாள். ரவை, ஜீரகம், வெல்லம். பாட்டி "வெல்லம் எடுத்துண்டு வா" என்றால் அவன் சரியாக எடுத்து வருவான். சீட்டைப் பார்த்தா, வாசனை பிடித்தா என்று எனக்கு வெகு நாள் சந்தேகம். நாலரை வயதில் ஒரு நாள், காலி டப்பாவில் இருந்த சீட்டைப் பார்த்து "ரவை" என்றான். பென்சில் பிடிப்பதற்கு முன்னாலேயே படிப்பு வந்துவிட்டது. இப்போது முதல் வகுப்பு. எழுத்து கோணல்தான். ஆனால் பஸ் போர்டை மராத்தியில் படிக்கிறான். பேச்சை நிறுத்துவதுதான் இப்போது கஷ்டம்.

நமக்கு முன்னோடிகள்

நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தேன் என்று நினைக்க வேண்டாம். நூறு வருஷத்துக்கு முன்பே நம் நாட்டில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். குஜராத்தின் கிஜுபாய் பதேகா தொழிலால் வக்கீல். சொந்தப் பிள்ளையின் படிப்பைப் பற்றி யோசிக்கப் போய், வக்கீல் தொழிலை விட்டு, 1920-ல் பாவ்நகரில் தக்ஷிணாமூர்த்தி ஸ்தாபனத்தில் பால மந்திரைத் தொடங்கினார். குழந்தைகளிடம் அவர் காட்டிய பிரியத்தைப் பார்த்து ஜனங்கள் அவரை 'மீசை வைத்த அம்மா' என்றார்கள். குழந்தைகளுக்கு மட்டுமில்லாமல் பெற்றோருக்காகவும் அவர் நிறைய எழுதினார். பெற்றோர் மாறாமல் பள்ளி மாத்திரம் மாறிப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவரோடு வேலை செய்த தாராபாய் மோடக், 1945-ல் இந்த மகாராஷ்டிரத்திலேயே கடலோரக் கிராமமான போர்டிக்குப் போனார். அவருக்குத் துணை அனுதாய் வாக். குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. சரி, பள்ளி அவர்களிடம் போகட்டும் என்று குடிசைகளுக்கு நடுவே முற்றத்திலேயே வகுப்பு நடத்தினார்கள். அங்கன் என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற சொல்லில் இருப்பதும் அந்த முற்றம்தான். 1975 அக்டோபர் 2-ந் தேதி மத்திய அரசு 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் இன்று ஏறக்குறைய 14 லட்சம் அங்கன்வாடிகளாக வளர்ந்திருக்கிறது. அம்மா வாசலில் நின்று பார்க்க, குழந்தை கற்றுக்கொள்ளும் இடம் முற்றம். நம் அடுக்குமாடி வீடுகளில் முற்றம் இல்லை. எங்களுக்கு அந்த நோட்டுப் புத்தகம்தான் முற்றமாயிற்று.

நம் ஆர்.கே.நாராயண் ராஜ்யசபையில் 1989-ல் பேசியது பலருக்கு ஞாபகம் இருக்கலாம். குழந்தைகளின் புத்தகச் சுமையைப் பற்றிப் பேசினார். பின்னர் பௌதிக விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் அமைந்த குழு, நர்ஸரி சேர்க்கைக்குப் பரீட்சையும் இண்டர்வியூவும் கூடாது என்று 1993-லேயே சிபாரிசு செய்தது. 2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரையை ஒரே அடித்தளப் பருவமாக வைத்து, விளையாட்டு வழியாகவும், முடிந்தவரை வீட்டு மொழியிலும் கற்பிக்கச் சொல்கிறது. 2022 அக்டோபர் 20-ந் தேதி அதற்கான பாடத்திட்ட வடிவமைப்பும் வெளிவந்தது. நான் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அதே மாதம்! சர்க்கார் காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அது வீட்டு வாசலுக்கு வந்து சேர்வது நம் கையில்.

அங்கத்தினர்களுக்குச் சில யோசனைகள்

1. பள்ளியில் சேர்க்கும்போது, "எப்போது எழுத ஆரம்பிப்பார்கள்?" என்று கேட்காதீர்கள். "தினம் எத்தனை கதை சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். நாம் எழுத்து கேட்பதால்தான் பல பள்ளிகள் எழுத்தை விற்கின்றன.

2. நீங்கள் கல்கத்தாவிலோ ஆமதாபாத்திலோ இருக்கலாம். குழந்தையின் வீட்டு வார்த்தைகள் பத்தை டீச்சருக்குப் புரியும் எழுத்தில் எழுதிக் கொடுங்கள். பள்ளியில் பாடும் பாட்டை நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

3. தினம் 15 நிமிஷம் ஒரு புத்தகம், குழந்தையைப் பேச விட்டு. நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் புத்தகங்கள் மலிவு. சென்னை தூலிகாவில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த புத்தகங்கள் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015-ல் ஆரம்பித்த ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் இலவசம்.

4. டீச்சரைச் சந்திக்கும்போது, "எத்தனை மார்க்?" என்பதற்குப் பதிலாக "என்ன பேசினான், யாரோடு விளையாடினான்?" என்று கேளுங்கள். அவர் குறை சொன்னால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். அந்த நாலு பாயிண்ட் சீட்டு இன்னமும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, உபயோகப்படாமல்.

5. ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் குழந்தையும் ஏதோ ஓர் அங்கன்வாடியில் இருக்கும். அங்கே டீச்சருக்கு எழுத வேண்டிய ரிஜிஸ்தர் வேலை நிறைய. அவரைக் கேட்டுக்கொண்டு, வாரம் ஒரு நாள் போய் ஒரு கதை சொல்லுங்கள். கிளை சார்பில் பத்துப் படப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

முடிவாக ஒன்று. இத்தனையும் ஏன் எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது? என் பிள்ளை நாக்பூரில் நர்ஸரி படித்தபோது அவனுடைய டீச்சர் பெயர்கூட எனக்குத் தெரியாது. காலையில் ஆபீஸ் போனால் இரவுதான் வருவேன். அவன் தமிழ் நன்றாகப் பேசுவான். ஆனால் படிக்கத் தெரியாது, யாரும் சொல்லித் தரவில்லை. நம் சங்கத்தின் காலாண்டுப் பத்திரிகை தபாலில் எங்கள் வீட்டுக்கு வந்தால் படிப்பது நானும் என் மனைவியும் மட்டும்தான். இங்கே எத்தனை வீடுகளில் இதே கதை என்று நான் கைதூக்கச் சொல்லப் போவதில்லை.

போன மாதம் பத்திரிகை வந்தபோது பேரன் அதைப் பிடுங்கிக்கொண்டான். அட்டையைப் பார்த்து எழுத்துக் கூட்டினான். ஐந்து எழுத்தில் மூன்று சரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பிள்ளை, "மீதி ரெண்டு என்னடா?" என்று அவனிடமே கேட்டான். அவன், "தெரியலைப்பா, பாட்டியைக் கேட்கலாம் வா" என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு அழைத்துக்கொண்டு போனான்.